சம்பளச் சீட்டில் ஒரு வரி

அன்புச் சகோதரிக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகள் உங்கள் தளத்தை ஃபோனில் போட்டுக் கொடுத்ததிலிருந்து விடாமல் படித்து வருகிறேன்.

என் மகன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் வேலை செய்கிறான். போன மாதம் பேசும்போது, "அப்பா, நான் சர்ச்சிலிருந்து எழுதிக் கொடுத்துட்டு வெளியே வந்துட்டேன்" என்று சாதாரணமாகச் சொன்னான். அங்கே கத்தோலிக்கர் என்று பதிந்திருந்தால் சம்பளத்தில் சர்ச் வரி பிடிப்பார்களாம். அரசாங்க ஆபீசில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். அவன் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாளைக்கு ஒன்று என்றால் அடக்கத்துக்குக்கூட சாமியார் வரமாட்டாராமே என்று அழுகிறாள். எனக்கோ, காசுக்காக யூதாஸ் செய்த வேலையைச் செய்துவிட்டானே என்று தோன்றுகிறது. பத்தாவது வரும்வரை பூசைக்கு உதவி செய்த பையன். பாடற்குழுவில் கீபோர்டும் வாசிப்பான். அப்புறம் ஞாயிறு காலையில் டியூஷன் இருந்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று. மற்றபடி நாங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை.

அந்த நாடுகளில் கோயில்கள் காலியாகி விலைக்குப் போகின்றன என்று கேள்விப்படுகிறேன். செல்ஃபோனும் வசதியும்தான் காரணம் என்று எங்கள் பங்குக் கோயிலில் பிரசங்கத்தில் சொன்னார்கள். அறிவியல் வளர்ந்துவிட்டது, இனி மதம் நிற்காது என்கிறார் நண்பர். சாமியார்கள் செய்த அசிங்கங்கள் வெளியே வந்ததுதான் காரணம் என்கிறான் தம்பி. எது உண்மை? இங்கேயும் அது வருமா? என் மகனுக்கு நான் என்ன எழுதுவது?

அன்புடன்,
ஆ.

---

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வரிசையில் காத்திருக்கும் மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். சில மாதங்களாகவே என் மனதில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒன்று. மகனை யூதாஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் சொன்னதோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லாதீர்கள், அவன் காதுக்குப் போகவே கூடாது. யூதாஸ் இயேசுவின் கூடவே நடந்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன். உங்கள் மகன் அந்த ஊர்க் கோயிலில் யாரோடாவது ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டிருப்பானா? அங்கே அவன் பெயர் தெரிந்தவர் ஒருவராவது இருந்தாரா? அவனுக்கும் அந்தச் சபைக்கும் நடுவே, சம்பளச் சீட்டில் இருந்த ஒரு வரியைத் தவிர வேறு என்ன இருந்தது? இருந்த ஒன்றையும் அவன் அடித்துவிட்டான். எனக்கு வருத்தம்தான். ஆனால் காட்டிக்கொடுப்பதற்கு முதலில் ஓர் உறவு வேண்டும்.

அந்த வரி என்னவென்று உங்கள் பங்கில் யாரும் விளக்கியிருக்கமாட்டார்கள். ஜெர்மனியில் ஒருவர் கட்டும் வருமான வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் சர்ச் வரி. உங்கள் மகன் இருக்கும் மாநிலத்தில் 8. அரசே பிடித்துச் சபைக்குக் கொடுத்துவிடும். குடியேறிப் பதியும்போது மதம் என்ற இடத்தில் கத்தோலிக்கர் என்று எழுதினால் வரி தானாகத் தொடங்கிவிடும். வெளியேறுவதற்கும் பங்குச் சாமியாரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மாநிலத்தைப் பொறுத்துப் பதிவாளர் அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ எழுதிக் கொடுத்தால் முடிந்தது. 2022-இல் மட்டும் 5,22,000-க்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்கள் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு சுமார் 4 லட்சம் பேர். இத்தனை பேரையும் யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

அவன் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அப்படி வெளியேறியவர்களுக்கு நற்கருணை இல்லை, ஞானப்பெற்றோராக நிற்க முடியாது என்று ஜெர்மன் ஆயர்கள் 2012-இல் ஓர் ஆணை போட்டது உண்மைதான். மனம் வருந்தியதற்கான எந்த அடையாளமும் காட்டாமல் இறந்தால் திருச்சபை அடக்கம் மறுக்கப்படலாம் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் அரசு அலுவலகத்தில் போட்ட கையெழுத்தாலேயே ஒருவர் விசுவாசத்தை விட்டுவிட்டதாக ஆகாது என்று வத்திக்கான் 2006-இலேயே சொல்லியிருக்கிறது. திரும்பி வருகிறேன் என்றால் சேர்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆகவே அந்தத் தாய் இப்போதே மகனுடைய அடக்கத்துக்காக அழ வேண்டாம். வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள்.

இனி உங்கள் மூன்று காரணங்கள்.

செல்ஃபோனைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. பிரிட்டனில் கோயில் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கியது 1960-களில். அப்போது அங்கே பல வீடுகளில் சாதா டெலிஃபோன்கூடக் கிடையாது. அறிவியலும் அப்படித்தான். பரிணாமக் கொள்கையை டார்வின் விரிவாக வெளியிட்டது 1859-இல். அதற்குப் பிறகும் நூறு ஆண்டுகள் அதே நாட்டு மக்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இயற்பியல் படித்ததால் கோயிலை விட்ட ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. விட்டுவிட்டு, பிறகு இயற்பியலைக் காரணம் சொன்னவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். மதம் இல்லை என்று எழுதுகிறவர்களிலும் பலர் கடவுளையோ ஏதோ ஒரு மேலான சக்தியையோ நம்புகிறவர்கள்தான். உங்கள் நண்பர் நினைப்பதுபோல அவர்கள் எல்லோரும் நாத்திகத்துக்குப் போய்ச் சேரவில்லை.

உங்கள் தம்பி சொன்னதை அப்படித் தள்ளமாட்டேன். குருக்கள் சிறுபிள்ளைகளிடம் நடத்திய பாலியல் கொடுமைகளைப் பற்றி 2002-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் வெளிவந்தது, 2009-இல் அயர்லாந்தில் இரண்டு விசாரணை அறிக்கைகள் சொன்னது, இவற்றையெல்லாம் நம் பிரசங்கங்களில் ஒரு வரிகூடச் சொல்வதில்லை. ஜெர்மனியில் ஆயர்களே கேட்டு வாங்கிய ஆய்வு 2018-இல் வந்தது. 1946 முதல் 2014 வரை 3,677 சிறுவர் சிறுமியர் பாதிக்கப்பட்டதாகவும், குருக்களும் திருத்தொண்டர்களுமாக 1,670 பேர் மீது குற்றச்சாட்டு இருந்ததாகவும் சபையின் சொந்தக் கோப்புகளே காட்டின. குற்றத்தைச் செய்தவர்களைவிட, அதை மூடி மறைத்து அந்தக் குருவை வேறு பங்குக்கு மாற்றியவர்களைத்தான் மக்களால் பொறுக்க முடியவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் கத்தோலிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் வாரம் தவறாமல் பூசைக்குப் போனார்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கில் தங்களைக் கத்தோலிக்கர் என்று சொன்னவர்களே 69 சதவீதம்தான். அந்த நாட்டில் வெளியேறிய பலருக்கு நம்பிக்கை செத்துப்போகவில்லை. நம்பிக்கை இருந்ததால்தான் உள்ளே இருக்க முடியவில்லை. இதைப் பற்றிப் பேசினால் சபைக்குக் கெட்ட பெயர் என்று நம்மவர்கள் வாயைப் பொத்துவது அதே குற்றத்தின் தொடர்ச்சி.

ஆனால் இது முழுக் காரணம் ஆகாது. அயர்லாந்தைப் போன்ற அறிக்கைகள் வருவதற்கு வெகு முன்பே கத்தோலிக்கம் அல்லாத இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் கோயில்கள் காலியாகிவிட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011-இல் 59.3 சதவீதமாக இருந்த கிறிஸ்தவர்கள் 2021-இல் 46.2 சதவீதம் ஆனார்கள். மதம் இல்லை என்றவர்கள் 37.2 சதவீதம்.

அடுத்தது வசதி. முதுமைக்குப் பென்ஷன், நோய்க்கு ஆஸ்பத்திரி, வேலை போனால் உதவித்தொகை என்று அரசு வந்து நின்றதும் மக்கள் கடவுளிடம் கையேந்துவதை நிறுத்திவிட்டார்கள் என்பார்கள். இதில் பாதி உண்மை. ஆனால் அமெரிக்கா பணக்கார நாடாகவும் கோயிலுக்குப் போகும் நாடாகவும் பல தலைமுறை இருந்தது. அங்கே 2007-இல் 78 சதவீதமாக இருந்த கிறிஸ்தவர்கள் 2023-24-இல் 62 சதவீதமாகக் குறைந்தார்கள். அந்த இறக்கமும் கடைசிச் சில ஆண்டுகளில் ஏறக்குறைய நின்றிருக்கிறது. பணம் ஏற ஏறக் கடவுள் இறங்குவார் என்ற கணக்கு அங்கே சரியாக வரவில்லை.

மக்களுக்குக் கோயில் தேவைப்படாமல் போய்விட்டது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் அதைத் திருப்பிச் சொல்கிறேன். கோயிலுக்கு மக்கள் தேவைப்படாமல் போய்விட்டார்கள். அதுதான் முதலில் நடந்தது.

ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் எங்கள் வீடு. அப்பாவின் அக்கா சின்ன வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்டார். பூசைத் துணிகளைத் துவைப்பது அத்தையின் வேலை. சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை காலையில் கோயிலின் பின்னறையிலிருந்து ஒரு மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு வருவார். பெரிய பீட விரிப்புகளை அலசப் பிள்ளைகளையும் கூப்பிடுவார். அப்பமும் இரசமும் வைப்பதற்குப் பீடத்தின் நடுவில் விரிப்பார்களே, அந்தச் சதுரத் துணியை மட்டும் எங்களைத் தொட விடமாட்டார். அதைத் தனியாக ஓர் எவர்சில்வர் பேசினில், சோப்பு போடாமல், வெறும் தண்ணீரில் முதலில் அலசுவார். அப்பத்தின் துகள் ஒட்டியிருக்கும், அது ஆண்டவருடைய உடல், அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. பேசினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போய்த் தொட்டியில் இருந்த செம்பருத்திக்கு ஊற்றுவார். லாரித் தண்ணீருக்குத் தெருவில் குடத்தை வரிசை போட்டு அடித்துக்கொண்ட காலத்திலும் அந்த ஒரு பேசின் தண்ணீரை வேறு எதற்கும் கொடுத்ததில்லை. அதற்குப் பிறகுதான் சோப்பு. சோற்றுக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, நீர்க்கக் கலந்து, முக்கிப் பிழிந்து, அரை ஈரத்தில் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பார். நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் மூன்று என்று மடித்து ஒன்பது சதுரம் வர வேண்டும். துகள் இருந்தால் வெளியே சிந்தாதபடி எல்லா மடிப்பும் உள்பக்கமாகத்தான். வியர்வை ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாது என்று நெற்றியில் துண்டைக் கட்டிக்கொள்வார்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இறையியல் பேசினால் புரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாமியார் அந்தத் துணியை விரிக்கும்போது அத்தை நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். தான் இல்லாவிட்டால் இந்தப் பூசை நடக்காது என்பது அவருக்குத் தெரியும். அது கர்வம் இல்லை, உண்மை.

பிறகு ஒரு புதிய பங்குச் சாமியார் வந்தார். எந்தப் பங்கு, யார் என்பது இங்கே வேண்டாம். நல்ல மனிதர். வயதான அம்மாவைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று துணிகளை லாண்டரிக்குக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டார். அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. வழக்கம்போல் திங்கட்கிழமை போனவர் வெறும் பையோடு திரும்பி வந்தார். "இனிமே என்னை இன்னாத்துக்குடி கூப்புடப் போறாங்க" என்று அம்மாவிடம் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. பீடத்துக்குப் பூ கட்டிய பெண்களுக்குப் பதிலாக டெக்கரேஷன்காரர் வந்தார். திருவிழாச் சாப்பாட்டைத் தெருவே கூடிச் சமைத்தது போய் கேட்டரிங் வந்தது. சாவு வீட்டுக்குப் பெட்டி தூக்க இளைஞர்கள் ஓடி வருவார்கள், காசிமேட்டுக் கல்லறை வரைக்கும் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோவார்கள். இப்போது ஒரு ஃபோன் போட்டால் ஃப்ரீசர் பாக்ஸும் வண்டியும் வந்துவிடுகின்றன. தேர் இழுக்க டிராக்டர். எல்லாம் முன்னைவிட ஒழுங்காக நடக்கிறது. நாம் காணிக்கை போட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கிறோம்.

ஜெர்மனியில் நடந்ததும் இதுதான், ஆனால் பெரிய அளவில். அங்கே சபைகளின் தொண்டு அமைப்புகள் நடத்தும் ஆஸ்பத்திரிகள், பாலர் பள்ளிகள், முதியோர் இல்லங்கள் ஏராளம். லட்சக்கணக்கானோர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் சாதாரண உறுப்பினருக்கு என்ன வேலை? வரி கட்டுவது. ஒருவனிடம் பணத்தை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால், ஒருநாள் அவனும் பணத்தை மட்டும்தான் கணக்குப் பார்ப்பான்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 1960-களில் கோயில்களைக் காலிசெய்ததே பெண்கள்தான் என்று ஓர் ஆய்வாளர் வாதாடுகிறார். அவர்கள் நின்றதும் பிள்ளைகளைக் கூட்டிவர ஆளில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. துணி துவைத்தது, பிள்ளைக்குச் சிலுவை போடச் சொல்லிக் கொடுத்தது, சாவு வீட்டில் செபமாலை சொன்னது எல்லாம் பெண்கள். பூசைக்கு உதவி செய்யச் சிறுமிகளும் பீடத்தில் நிற்கலாம் என்று வத்திக்கான் சொன்னது 1994-இல். எங்கள் வீட்டில் தம்பி வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு மணி அடித்தான். அந்த அங்கியைத் தேய்த்துக் கொடுத்தவள் நான்.

மாடிச் சபைகளைப் பற்றியும் சொல்கிறேன். கொடுங்கையூர், வியாசர்பாடி, மூலக்கடை என்று எங்கே பார்த்தாலும் கடைக்கு மேலே, வீட்டுக்கு மேலே ஒரு ஜெபக்கூடம். நம் கத்தோலிக்கர்கள் அங்கே போகிறவர்களை ஏளனமாகப் பேசுகிறார்கள். கைதட்டலுக்கு மயங்கிவிட்டார்கள், காசு கொடுத்து இழுக்கிறார்கள் என்கிறார்கள். இந்தப் பேச்சை விடுங்கள். எங்கள் தெருவில் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண் பல வருஷம் நம் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனவர். மாடிச் சபைக்குப் போன கொஞ்ச நாளிலேயே பாய் விரிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமை உபவாச ஜெபத்தில் யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் என்ன சண்டை என்று எழுதிவைத்து ஜெபிப்பதும் அவர்தான். ஒரு வாரம் போகாவிட்டால் பாஸ்டரின் மனைவி வீட்டுக்கே வந்து கேட்கிறார். அந்தச் சபைகளின் உபதேசத்தில் எனக்கு ஒப்பாதது நிறைய இருக்கிறது. தசமபாகத்துக்காக ஏழைகளை நெருக்கும் சில பாஸ்டர்களை நேரிலேயே கண்டித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண் அவர்களுக்குத் தேவைப்பட்டார். நமக்குத் தேவைப்படவில்லை.

இங்கேயும் வருமா என்று கேட்டீர்கள். எண்ணிக்கையைக் கேட்டால், தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 2001-இல் 6.07 சதவீதம், 2011-இல் 6.12 சதவீதம். குறையவில்லை. உலக அளவிலும் தலைக்கணக்கு கூடித்தான் இருக்கிறது, சுமார் 230 கோடி. மற்றவர்கள் அதைவிட வேகமாகப் பெருகியதால் விகிதம் குறைந்திருக்கிறது. இன்று மற்ற எந்தப் பகுதியையும்விட அதிகக் கிறிஸ்தவர்கள் வாழ்வது சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில்.

ஆனால் தாளில் இருப்பதை வைத்து நம் பகுதியை அளக்க நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். நெற்றியில் விபூதியோடு மெழுகுவத்தி பிடித்து நிற்பவர்கள் எந்தப் பங்குப் பதிவேட்டிலும் இல்லை. இதற்கு நேர்மாறாக, புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் தலைமுறை தலைமுறையாகப் பூசைக்கு வருகிற குடும்பங்கள் சான்றிதழில் இந்து. ஏன் என்று உங்களுக்கே தெரியும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான தலித் இன்றுவரை வெளியேதான். ஞானஸ்நானம் பெற்றவுடன் சேரி தெருவாகிவிடுமா, சாதி பார்க்கிறவன் பார்ப்பதை நிறுத்திவிடுவானா? கல்லறையில்கூடச் சாதிக்குச் சுவர் வைத்த சபை நம்முடையது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராக வழிபட்டுக்கொண்டே பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்து, இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்றது. பிள்ளையின் படிப்புக்காகத் தாளில் ஒன்றும் நெஞ்சில் ஒன்றுமாக வாழும் தாய்மாரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு படிவத்திலும் அவர்கள் கை நடுங்குகிறது. அவர்களை நீங்கள் யூதாஸ் என்று சொல்வீர்களா? சொல்லமாட்டீர்கள், நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. பிறகு தாளில் ஓர் எழுத்தை அடித்த உங்கள் மகனை மட்டும் ஏன்?

இப்போது நான் சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கும். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். பூசைக்கு உதவி செய்தான், கீபோர்டு வாசித்தான், ஞாயிறு காலையில் டியூஷன் இருந்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று.

யார் நிறுத்தியது, அண்ணா?

அந்தப் பையனுக்குக் கோயிலில் ஓர் இடம் இருந்தது. அவன் வராவிட்டால் யார் மணி அடிப்பது என்று தேடுவார்கள். அவன் வராவிட்டால் அன்றைக்குப் பாட்டுக்கு கீபோர்டு இல்லை. பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிதாக என்ன கிடைத்துவிடும்? அதைப் பிடுங்கி அவன் கையில் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தீர்கள். ஆண்டவரா, மார்க்கா என்று வரும்போது மார்க்குதான் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அப்பா அம்மாதான். அவன் நல்ல மாணவன். அப்படியே கற்றுக்கொண்டான். அன்றைக்கு மார்க், இன்றைக்குச் சம்பளம்.

உங்களை மட்டும் சொல்லவில்லை. வட சென்னையில் எந்தப் பங்கிலும் மறைக்கல்வி வகுப்பை எட்டிப் பாருங்கள். எட்டாவது வரை கூட்டம் இருக்கும். ஒன்பதாவதில் பாதியாகும். பத்தாவது, பன்னிரண்டாவதில் விரல்விட்டு எண்ணலாம். டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ், நீட் கோச்சிங், எல்லாவற்றுக்கும் கிடைத்த நாள் ஞாயிறு காலை. நம் கிறிஸ்தவப் பள்ளிகள் சிலவும் ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைக்கின்றன, சிலுவைப் படத்துக்குக் கீழேயே. பாடற்குழு நடத்துகிறவர் வந்து கெஞ்சினால், "பரீட்சை முடியட்டும் மாஸ்டர், அனுப்புறோம்" என்கிறோம். பரீட்சை முடிகிறது. பையன் ஹாஸ்டலுக்குப் போகிறான், அங்கிருந்து பெங்களூருக்கு, அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு. பிறகு அங்கே போய் ஏன் கோயிலுக்குப் போகவில்லை என்று இங்கே உட்கார்ந்து அழுகிறோம்.

பிரிட்டனில் இதை அளந்து பார்த்த டேவிட் வோவாஸ் என்பவரும் அவரோடு ஆய்வு செய்த இன்னொருவரும் 2005-இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். தாய் தந்தை இருவரும் நம்பிக்கையுள்ளவர்களாக இருந்தால்கூடப் பிள்ளைக்கு அது போய்ச் சேர ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. ஒருவர் மட்டும் என்றால் அதிலும் பாதி. இருவருக்கும் இல்லை என்றால் அந்த இல்லாமை மட்டும் தவறாமல் போய்ச் சேர்கிறது. அவர்கள் எண்ணிய பெற்றோர்களில் எத்தனை பேர் உங்களைப் போல எந்தக் குறையும் வைக்காதவர்களோ! பிள்ளைகள் நாம் சொன்னதைக் கேட்டு வளர்வதில்லை. எதற்காக எதை விட்டோம் என்பதைப் பார்த்து வளர்கிறார்கள்.

நீங்கள் கெட்ட தகப்பன் என்று சொல்லவில்லை. துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து, மகன் மூட்டை தூக்கக் கூடாது என்று டியூஷனுக்குப் பணம் கட்டிய கையை நான் குறை சொல்ல முடியாது. நம் தெருப் பிள்ளைகள் படித்து மேலே வந்தது அந்தக் கைகளால்தான். ஆனால் டியூஷனை ஞாயிறு சாயங்காலத்துக்கு மாற்றித் தரச் சொல்லி நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டிருந்தால் அந்த மாஸ்டர் மாற்றியிருப்பார். யாரும் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மகனுக்கு என்ன எழுதுவது என்றீர்கள். எழுதாதீர்கள், கூப்பிட்டுப் பேசுங்கள். வரியைப் பற்றி வாயே திறக்காதீர்கள். பத்தாவதில் கோயிலை விட்டு நிறுத்தியபோது அவனுக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். டிசம்பரில் லீவு கிடைக்குமா என்று கேட்கலாம். உங்கள் அன்பியத்தில், அதாவது தெருக் குடும்பங்களின் ஜெபக் குழுவில், கேரல் ரவுண்ட்ஸுக்கு கீபோர்டு வாசிக்க உண்மையிலேயே ஆள் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். ஆள் இருந்தால் சொல்லாதீர்கள். அவனை இழுப்பதற்காக இல்லாத வேலையை உண்டாக்கினால் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவான்.

அவன் வருவதற்கு முன்னால் உங்களுக்கு ஒன்று இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாடற்குழு நடத்துகிறவரைப் பிடியுங்கள். இந்த வருஷம் டியூஷனுக்காக நின்ற பிள்ளைகள் யார் யார் என்று கேட்டுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுடைய அப்பா அம்மாவிடம் போய்ப் பேசுங்கள், பிறகு அந்த டியூஷன் மாஸ்டரிடமும். சாமியார் சொன்னால் பிரசங்கம் என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் போனால் கேட்பார்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி